பதினோராயிரம் சொல்

நாவல் எழுதுகிறவர்களுக்குக் கற்பனையை விடப் பெரிய தொல்லை நீளம். எனக்கு முப்பதாயிரம் சொல்லைத் தாண்டினால் மூச்சு வாங்கும். என் தோழி ஜதுர்ஷிகாவுக்கோ நிறுத்தவே தெரியாது.

போட்டி இளம் எழுத்தாளர்களுக்கானது. நாவல் நாற்பதாயிரம் சொல்லுக்குக் குறையக் கூடாது, அறுபதாயிரத்தைத் தாண்டக் கூடாது. முதல் பரிசு பெறுவது புத்தகமாக வரும். என் கையில் முப்பத்தோராயிரம் இருந்தது, அவளிடம் தொண்ணூறாயிரம்.

சனிக்கிழமைகளில் லண்டனில் லூயிஷாம் சந்தைக்குப் பின்னால் ஒரு காபிக் கடையில் சந்திப்போம். நான் ஹவுன்ஸ்லோவிலிருந்து ரயில் மாறி மாறி வருவேன். அவள் மருந்துக்கடை ஷிப்ட் முடித்து நேரே வருவாள். கேக்கை வெட்டிப் பெரிய துண்டை என் பக்கம் தள்ளுவாள்.

"கோதை, முப்பதினாயிரத்தை எங்கையடி வெட்டுறது? எல்லாம் எனக்குப் பிள்ளையள் மாதிரி."

அவள் பென் டிரைவில் தந்த பிரதியை ஒரு வாரம் படித்தேன். அவள் தம்பி பவித்திரன் சிறுநீரகம் பழுதாகிப் பத்தொன்பது வயதில் இறந்தவன். டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தபடி நர்ஸ்களுக்குப் பட்டப்பெயர் வைத்த அவனுடைய கடைசிக் கோடையை மூன்று அத்தியாயங்களில் எழுதியிருந்தாள். பதினோராயிரம் சொல். நாவலின் உயிரே அங்கேதான். படித்துவிட்டு அழுதேன், உண்மையாகவே.

"இந்த மூணையும் எடுத்துடு," என்றேன் அடுத்த சனிக்கிழமை. "உனக்குத்தான் அவன் தம்பி. படிக்கறவங்களுக்கு யாரோ ஒரு பையன்."

அவள் கேக் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "ஓம், நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

மற்ற வெட்டுகளையும் குறித்துக் கொடுத்தேன். அவை நல்ல வெட்டுகள். பழைய கோப்பு இருந்தால் இரக்கப்பட்டுத் திரும்பச் சேர்த்துவிடுவாள் என்று அதை அவள் மடிக்கணினியிலிருந்து அங்கேயே அழிக்கச் சொன்னேன். அழித்தாள். என்னிடம் ஒரு பிரதி இருந்ததே.

மூன்று அத்தியாயங்களும் என் நாவலில் அழகாகப் பொருந்தின. பவித்திரனைக் கௌசிக் ஆக்கினேன். யாழ்ப்பாணப் பேச்சை எங்கள் வீட்டு மதுரைப் பேச்சாக மாற்றினேன். அது லேசான வேலை இல்லை. கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே அனுப்பினேன்.

ஜதுர்ஷிகா என்னிடம் சொல்லாமல் அந்த அத்தியாயங்களிலிருந்து இரண்டு பக்கத்தை மட்டும் தன் நாவலில் விட்டுவைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கக் கூடாத தம்பியின் நாக்கில் அக்கா ஐஸ் கட்டி வைக்கும் இடம். மனசு வரவில்லை போலும். நடுவர்கள் அதை இரண்டு நாவலிலும் கண்டு எங்களிடம் விளக்கம் கேட்டார்கள். என் பிரதி முந்தி வந்தது. அவளிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை, தம்பி இறந்தான் என்பதைத் தவிர. துயரத்தில் இருப்பவர்கள் படித்ததையெல்லாம் தங்களுக்கே நடந்ததாக எண்ணிக்கொள்வதுண்டு என்று எழுதிக் கொடுத்தேன். இதமாகத்தான் எழுதினேன். அவளைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

ஒரே ஒரு முறை போன் செய்தாள். "கோதை, அது என்ர தம்பி. நீ அவனை ஒருநாளும் காணேல்லையே."

"எனக்கும் அவன் தம்பி மாதிரிதான், ஜது," என்றேன்.

அவள் இப்போது எழுதுவதில்லையாம். என் நாவல் அடுத்த மாதம் வெளிவருகிறது. வெளியீட்டு விழாவுக்கு அவளையும் அழைத்திருக்கிறேன். அவளைத் திருடி என்று எல்லாரும் பேசியபோதுகூட நான் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அவளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.