நின்றுகொண்டே படித்தவர்

— “அப்பா மட்டும் ஏம்மா நிக்கிறாரு?” போன மாசம் உங்க வாசல்ல வச்சு எம்மவ செல்லம் கேட்டா. நீங்க காதுல வாங்காத மாதிரி இருந்துட்டீங்க, ஐயா. இன்னைக்கு நான் கேக்கிறேன். மத்த நாலு பேரும் பெஞ்சில உட்கார்ந்து படிக்கிறாங்க. எம்புருசன் மட்டும் உங்க நாற்காலிக்குப் பின்னால ஏன் நிக்கணும்?

— நீர் லெட்சுமணன்ர மனுசியோ?

— ஆமா. கிருஷ்ணம்மா.

— சுங்கப் பரீட்சையில ரெண்டு தரம் தவறினவன் நிண்டுதான் படிக்க வேணும். இந்த வைத்தியலிங்கத்தின்ர வகுப்பில அதுதான் சட்டம்.

— அப்ப ரெண்டு தடவையும் சொல்லிக் குடுத்த வாத்தியாரு எங்க நிக்கணும்?

— வாயை அடக்கும், பிள்ளை. மூவார் சுங்க ஜெட்டியில நான் கணக்கெழுதுற பெரிய கிராணியா இருந்தனான். உம்மட மனுசன் அங்க தராசு தூக்கினவன்.

— அதான பார்த்தேன். தராசு தூக்கினவனுக்கு பெஞ்சில எடமில்லன்னு வெளிப்படையா சொல்லிட்டுப் போங்களேன்.

— அப்பிடித்தான் எண்டு நினைச்சால் நினையும்.

— நல்லது. அப்ப அவருக்கு விடை குடுத்துருங்க. ஜொகூர்க் கடல்ல பாலம் போட்டதுலேர்ந்து எல்லாரும் ரயிலேறி சிங்கப்பூருக்குப் போய் படிக்கிறாங்க. அங்க ஆளுக்கொரு மேசையாம். இந்தத் தடவையும் தவறினா இவர எண்டாவ் சுங்கச் சாவடிக்கு மாத்திருவாங்க. அங்க ஆறும் காடும்தான். எம்மவ படிப்பு என்னாகிறது?

— போகச் சொல்லும். நானென்ன சங்கிலி போட்டே வைச்சிருக்கிறன்? அங்க படிப்பிக்கிறது லண்டன் கணக்கு, டன்னும் ராத்தலும். ஜொகூரில ரப்பருக்கு வரி போடுறது பிக்குல் கணக்கில. பரீட்சையில வாறதும் அதுதான். தெரிஞ்சுகொண்டு போகச் சொல்லும்.

— நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. “அந்த மனுசனுக்கு நான் பட்ட கடன் இருக்கு”ன்னு ஒரே பேச்சு. என்ன கடன்னு கேட்டா வாய் திறக்கிறதில்ல. நீங்களா முறையோட அனுப்பி வச்சாத்தான் போவாரு.

— முறையெண்டால் வெத்திலை பாக்கு வைச்சு விடை கேக்க வேணும். வெறுங்கையோட வந்து நிண்டு சண்டை பிடிக்கிறீர். தோட்டத்துச் சனத்துக்கு அதுகூட ஆர் சொல்லிக் குடுத்தது…

— ஐயா.

— என்ன?

— தட்டு உங்க முன்னாடி மேசையில இருக்கு. வந்ததும் வச்சேன். வெத்தல, பாக்கு, வாழப்பழம் எல்லாம் இருக்கு.

— வைச்சீரோ? ஓம், ஓம். கண்டனான்.

— அந்தப் பக்கம் கை நீட்டாதீங்க, மைக்கூடு சாஞ்சிரும். எம்புட்டு நாளா கண்ணு தெரியல, ஐயா?

— உரக்கக் கதையாதையும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— எம்புருசனுக்குத் தெரியுமா?

— அவன்தான் முதல்ல கண்டுபிடிச்சவன். பொடியள் எழுதித் தாற கணக்கை என்ர காதுக்குள்ள மெல்ல வாசிப்பான். நான் பிழை சொல்லுவன். பின்னால நிண்டால்தானே வாசிக்க ஏலும்? கண்ணில்லாத வாத்தியாரிட்ட ஆர் படிக்க வருவினம்? தண்டனைக்கு நிக்கிறன் எண்டு எல்லாரும் நினைக்கட்டும் எண்டது அவன்தான்.

— எங்கிட்ட கூட சொல்லலையே.

— நான்தான் சத்தியம் வாங்கினனான்.

— அப்படி என்ன கடன், ஐயா?

— மூவாரில ஒரு மழை நாள், சுத்திக் கட்டின நனைஞ்ச பாயோட சேர்த்து ரப்பரை நிறுத்துப்போட்டான். பாயின்ர பாரத்துக்கும் வரி விழுந்திட்டுது. ரப்பர்க்காரச் சீன முதலாளி, தவுக்கே, கோபத்தோட துரையிட்டப் போனார். அவனை வேலையால நிப்பாட்டப் பார்த்தினம். பிழை என்ர எண்டு சொன்னன். எனக்கு வர இருந்த உயர்வு வரேல்லை, அது பெரிய காரியமில்லை. அப்ப நீர் பிள்ளைத்தாச்சி எண்டு கேள்விப்பட்டனான்.

— செல்லம் வயித்துல இருந்தா.

— இப்ப கேட்டிட்டீர்தானே. இந்தா, தட்டைத் தொட்டிட்டன். விடை குடுத்தாச்சு, அவனைக் கூட்டிக்கொண்டு போம். மற்றவங்கட கணக்கை எனக்கு வாசிச்சுத்தான் தன்ர கணக்கை எழுதிப் பழக நேரமில்லாமல் தவறினவன். உம்மட கோபம் நியாயம்தான்.

— கைய எடுங்க, ஐயா. விடை வாங்கத்தான் வச்சேன், இப்ப அது அதுக்கு இல்ல.

— பின்ன?

— செல்லத்த உங்ககிட்ட படிக்க வைக்கிறதுக்கு. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல படிக்கிறா, கணக்கெல்லாம் தடங்கலில்லாம வாசிப்பா. ஐயா அவளுக்கு வாசிப்பு பழக்கி விடுறாருன்னு பையங்க நினைச்சுக்கட்டும். நாம பேசினது எம்புருசனுக்குத் தெரிய வேணாம். சாயந்தரம் அவ வந்து உங்க நாற்காலிக்குப் பின்னால நிப்பா. அவ அப்பாவ மட்டும் பெஞ்சில உட்காரச் சொல்லுங்க.