தோவா கொடுத்த அட்டவணை

பின்னல் ரொட்டியைக் கத்தியால் அறுக்கக் கூடாது என்பது என் கட்சி. கையால் பிய்த்தால்தான் அதற்கு ருசி. பதினோரு வருடம், வெள்ளிக்கிழமை தோறும், நேட்டன் ப்ரிஸ்கர் வீட்டு மேசையில் அதைப் பிய்த்துத் தின்றவன் நான். என்னை யூத வெறுப்பாளன் என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அப்படி ஒரு யூத வீட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார்கள், மிஸ் லாங்ஃபோர்ட்? வானொலி நிலையத்தின் சார்பில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேட்டனும் நானும் ஒரே வருடம் மெல்பர்ன் வானொலியில் சேர்ந்தோம். காலை நிகழ்ச்சி அவனுக்கு, மாலை அரசியல் விமர்சனம் எனக்கு. நான் படித்துவிட்டு வந்து பேசுகிறவன். அவன் பேசவே மாட்டான். நேயர் ஏதாவது சொன்னால் "ம்" என்பான், காத்திருப்பான். அந்த மௌனத்துக்குள் ஜனங்கள் அழுதார்கள். தங்கள் வீட்டு மரத்து எலுமிச்சையைப் பை பையாகக் கொண்டுவந்து அவன் பெயர் சொல்லி வரவேற்பறையில் வைத்துவிட்டுப் போவார்கள். எனக்குக் கடிதம் வரும். என் புள்ளிவிவரம் தப்பு என்று.

என் மனைவி மொரீன் பிரிந்துபோன வாரம் அவன்தான் கூப்பிட்டான். "வெள்ளிக்கிழமை தனியா உக்காந்து டின்ல இருந்து சாப்பிடாதடா. எங்க வீட்டுக்கு வா." அப்படித்தான் ஆரம்பித்தது. ஜன்னலோர நாற்காலி என்னுடையதாயிற்று. சாப்பாட்டுக்கு நடுவே அவர்கள் பாடுவார்கள். நானும் முனகுவேன். "இவனுக்குப் பசி வர்ற மாதிரி பாட்டு வர மாட்டேங்குது," என்பான் நேட்டன்.

அவன் மனைவி தோவா ஒவ்வொரு செப்டம்பரிலும், அவர்கள் புத்தாண்டுக்கு, எனக்கு ஓர் அட்டவணை கொடுப்பார். எந்த வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு விளக்கேற்ற வேண்டும் என்று நிமிடக் கணக்கில் போட்டிருக்கும். "விளக்கேத்தினதுக்கு அப்புறம் வந்தீங்கன்னா பெல் அடிக்காதீங்க டெஸ், கதவத் தட்டுங்க. நேரம் இதுல இருக்கு." விளக்கேற்றியதிலிருந்து சனிக்கிழமை இரவு வரை அவர்களுக்கு ஓய்வுநாள்; மின்சார மணி, தொலைபேசி, வானொலி, கார் எதையும் இயக்க மாட்டார்கள். அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டிவைப்பேன்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை எனக்குச் செய்தி வந்தது. நாடு முழுவதும் ஒலிபரப்பாகும் புதிய காலை நிகழ்ச்சி நேட்டனுக்கு. திங்கட்கிழமை அறிவிப்பு. ஆறு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த இடம் அது. நேராகப் போய்க் கைகுலுக்கினேன். அவன் என் கையை விடாமல், "உனக்குத்தான்டா கொடுத்திருக்கணும்," என்றான். மனதாரச் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேட்டனிடம் ஒரு நீலக் குறிப்பேடு உண்டு. அவனோடு பேசிய நேயர்களின் பெயர், விலாசம், தொலைபேசி எண். தனியாக இருக்கும் வயதானவர்களைப் பிறந்தநாளன்று கூப்பிட்டுப் பேசுவதற்காக வைத்திருந்தான். அது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை என் நிகழ்ச்சியில், ஐந்தே காலுக்கு, நான் கேட்டது ஒரு கேள்வி மட்டும். நம் நேயர்களின் விலாசங்களை ஒருவர் ஏன் எழுதி வைக்கிறார்? அது யார் கைக்குப் போகிறது, எந்த நாட்டுக்குப் போகிறது? யூதர் என்ற சொல்லை நான் உச்சரிக்கவில்லை. ஒலிப்பதிவைக் கேளுங்கள். அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் நேயர்கள்.

பதில் சொல்ல அவனுக்கு வாய்ப்புக் கொடுத்தேன். நேரலையிலேயே அவன் வீட்டுக்குத் தொலைபேசி போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தயாரிப்பாளர் வூலா என் காதுக்கருவியில் சொன்னாள்: "டெஸ், விளக்கேத்திட்டா அவங்க போன தொட மாட்டாங்க. எனக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?" நான் ஒலிவாங்கியில், "மறைக்க ஒன்றும் இல்லையென்றால் எடுத்திருப்பாரே," என்றேன்.

உயிர் போகிற விஷயமென்றால் எடுக்கலாம். அப்படியும் அவர்களுக்கு ஒரு விதி உண்டு. தொடர்ந்து மணி அடித்தால் அப்படித்தான் நினைப்பான் என்று எதிர்பார்த்தேன். ஒன்பதாவது முறை எடுத்தான்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"நேட்டன், நான் டெஸ். நேரலையில இருக்கோம். அந்த நீல நோட்டு..."

"டெஸ், உனக்கு ஒண்ணுமில்லையே? நல்லா இருக்கேல்ல?"

"எனக்கென்ன. நேயர்கள் கேக்கறாங்க..."

"அப்ப சரி. நாளைக்கு ராத்திரி பேசலாம்டா."

அவன் தொலைபேசியை அணைக்கவில்லை. அணைப்பதற்கும் பொத்தானை அழுத்த வேண்டுமே, உயிர் போகிற விஷயம் இல்லையென்றால் அதுவும் கூடாது. அப்படியே மேசையில் வைத்துவிட்டான். நாற்காலி இழுபட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு பாட்டு ஆரம்பித்தது. "நீங்களே கேளுங்கள்," என்று சொல்லி நான்கு நிமிடம் அதை ஒலிபரப்பினேன். ஊருக்கு அது புரியாத மொழி. எனக்கு அந்த மெட்டு தெரியும். ஜன்னலோர நாற்காலி காலியாக இருக்கும், அதில் உட்காராமல் இங்கே என்ன செய்கிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. என்னை யாரும் தேடிய மாதிரித் தெரியவில்லை.

முடிக்கும்போது ஒரு தகவல் சொன்னேன். நேட்டன் ஓடி ஒளிகிறவர் அல்ல, நாளை காலை ஒன்பது மணிக்குத் தன் தெருவிலிருந்து ஜெப ஆலயத்துக்கு நடந்துதான் போவார், கேட்க விரும்புகிறவர்கள் நேரில் கேட்கலாம். தெருப் பெயரையும் சொன்னேன். அவன் அன்றைக்குக் காரில் ஏற மாட்டான். வானொலியும் கேட்டிருக்க மாட்டான். மூன்று பேர் கேட்கப் போனார்கள். அவர்களில் ஒருவன் தள்ளினான். நடைபாதை விளிம்பில் நேட்டனின் தலை மோதியது. நான் யாரையும் தள்ளச் சொல்லவில்லை.

இப்போது அவனுக்கு ஏழெட்டுச் சொற்கள் வருகின்றன என்கிறார்கள். "ம்" வருகிறதாம். தேசிய நிகழ்ச்சி என்னிடம் வந்திருக்கிறது. எலுமிச்சை யாரும் கொண்டுவருவதில்லை.

அவனால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்துதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேனா என்று கேட்டீர்கள். ஆமாம். வியாழக்கிழமை காலை பால் எடுக்கப் போனபோது அட்டவணை கண்ணில் பட்டது. மறுநாள் கட்டத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ஐந்து மணி ஒரு நிமிடம். கூடுதலாகப் பதினான்கு நிமிடம் விட்டேன், தோவா சில சமயம் தாமதிப்பார் என்பதால். வெறுக்கிறவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா?

செப்டம்பர் போய் அக்டோபரும் பாதி ஆகிவிட்டது. இந்த வருடத்து அட்டவணை இன்னும் வரவில்லை. அவருக்கு ஆஸ்பத்திரி அலைச்சல். மறந்திருப்பார்.