பதினோராவது கை

பிரேக்கை மிதிச்சீங்க மேடம், அதான் கார் பள்ளத்துல எறங்கிடுச்சு. மெதுவா வந்தீங்களா வேகமா வந்தீங்களாங்கிறது கணக்கே இல்ல. பனிக்கட்டி ரோட்டுல வண்டி வழுக்குச்சுன்னா இந்தப் பக்கம் பொறந்தவன் எவனும் பிரேக் மேல கால் வைக்க மாட்டான். காலை எடுத்துட்டு, ஸ்டியரிங்கை லேசாப் புடிச்சுக்கிட்டு, கொஞ்ச நேரம் வண்டி சொல்றதக் கேப்பான். நீங்க பனியே பாக்காத ஃப்ளோரிடாவுலேர்ந்து வந்தவங்க, உங்களுக்கு யாரு சொல்லித் தந்திருப்பா. எப்படிக் கண்டுபுடிச்சேனா? கோட்டைப் பாத்துத்தான். அது கோட்டு இல்ல மேடம், பட்டன் வச்ச சட்டை. சீட்டுக்குப் பின்னாடி எங்கப்பா ஜாக்கெட் கெடக்கு, போட்டுக்கங்க. டீசல் நாத்தம் அடிக்கும், ஆனா குளுராது.

அடச்சே. கேட்டைப் போட்டுட்டான்.

கூட்ஸ் வண்டி. சோளம் ஏத்திட்டுப் போறான். இது சீக்கிரம் முடியற ஜாதி இல்ல. கவலப்படாதீங்க, ரெண்டு மணிக்குத்தானே ஓட்டு? இப்ப ஒண்ணரைகூட ஆகல. உங்க கார் பின்னாடி பத்திரமாத் தொங்குது, நீங்க முன்னாடி பத்திரமா உக்காந்திருக்கீங்க. நேரத்துக்குக் கொண்டு போயி விட்டுருவேன்.

ஓட்டு விஷயம் எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? நல்லாயிருக்கு போங்க. பாஸ்கெட்பால் லீக்ல பதினோரு காலேஜ். கடைசிப் போட்டி எப்பவும்போல இங்க எங்க ஊரு கெட்டில் ஃபோர்க்லயே நடக்கட்டும்னு அஞ்சு பேரு. பாலைவனத்துல சூதாட்ட ஹோட்டலுக்குப் பக்கத்துல புதுசாக் கட்டியிருக்கற பெரிய அரங்கத்துக்குப் போயிடலாம்னு அஞ்சு பேரு. பதினோராவது கை உங்களோடது. ஊரே அந்தக் கைய எதிர்பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு, அது இங்க என் வண்டி ஹீட்டர்ல காஞ்சுட்டிருக்கு.

அப்பா போன்ல சொன்னதைக் கேக்கறீங்களா? அவர் குரல்லயே சொல்றேன். மாரென். ஆல்டர் காலேஜ் பிரசிடெண்ட் அம்மா பள்ளத்துல இருக்காங்க. இழு. ஏத்து. கொண்டுபோயி விடு. வாயத் தொறக்காத.

அப்படியே இருக்குல்ல? அவர் பக்கத்து ஊர்ல ஒரு லாரியை நிமித்திட்டிருக்காரு, இல்லாட்டி அவரே வந்திருப்பாரு. வாயத் தொறக்காதன்னு அவர் சொன்னாரு, ஆனா கேட்டு போடுவான்னு சொல்லலியே.

சின்ன வயசுலேர்ந்தே இந்த வியாதி எனக்கு. யார் பேசினாலும் தொண்டைக்குள்ள வந்து உக்காந்துக்குவாங்க. போன வருஷம் எங்க ஸ்கூல் பிரின்சிபால் குரல்ல மைக்ல, கொதிகலன் பழுது, அனைவரும் வீடு திரும்பலாம்னு சொன்னேன். பாதி ஸ்கூலு போயிடுச்சு. சயின்ஸ் வாத்தியாரும் போயிட்டாரு. பிரின்சிபாலே பையைத் தூக்கிட்டுக் கெளம்பினாருன்னு சொல்றாங்க, அது மட்டும் நான் பாக்கல.

சிரிச்சுட்டீங்க. நல்லது. சரி, இது யாருன்னு சொல்லுங்க பாப்போம். எட்டு நதிக் கூட்டமைப்பின் எல்லைகள் விரிவடைகின்றன. புதிய நகரங்கள், புதிய ரசிகர்கள், புதிய வாய்ப்புகள். எம் மாணவ வீரர்களின் நலனே எமது முதல் நோக்கம்.

லீக் தலைவர் பிரிச்சர்டேதான். பேசறப்ப ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவுல மூக்குக் கண்ணாடியத் தொடைப்பாரு, அது குரல்லயே தெரியும். எட்டு நதி லீக்ல எட்டு நதி இருந்தது ஒரு காலம். எட்டு காலேஜ், எட்டு ஊரு, ஊருக்கொரு நதி. ரெண்டு வருஷம் முன்னாடி மூணு காலேஜைப் புதுசாச் சேத்தாரு. மூணும் பாலைவனத்துல. அங்க இருக்கற நதி மழை பேஞ்சா ஓடும், மழை பேயாது. பேரை மட்டும் மாத்தல. போர்டு எழுதியாச்சாம்.

அந்த மொத வருஷம் நீங்க இங்க இல்லல்ல? அப்ப நடந்த கூத்து உங்களுக்குத் தெரியாது. இந்த ஊர்ல ஒரு பழக்கம் மேடம். போட்டி நடக்கற நாலு நாளும் ஒரு சர்ச்சுக்கு ஒரு டீம். காலைல முட்டை, மத்தியானம் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேக வச்ச கேசரோல், ராத்திரி ஆப்பிள் பை. பசங்க வாயில எதையாவது தள்ளிக்கிட்டே இருப்பாங்க. எட்டு சர்ச், எட்டு டீம். திடீர்னு பதினோரு டீம் வந்து நின்னா? எங்க பாஸ்டர் எங்கெல் மேடையில ஏறி நின்னாரு. சகோதர சகோதரிகளே, ஆண்டவர் நமக்குச் சபைகளை எட்டு கொடுத்தார். டீம்களையோ பதினொன்றாய்க் கொடுத்தார். மிஞ்சின மூன்றை எங்கே அமர்த்துவோம்?

ஒண்ணத் தீயணைப்பு நிலையம் எடுத்துக்கிச்சு. ஒண்ண பவுலிங் ஹால்காரரு எடுத்துக்கிட்டாரு. மூணாவது டீமை ஆஸ்ட்பி, நான் பாத்துக்கறேன்னாரு. ஊர்ல பெரிய சமையலறையும் நெறைய நாற்காலியும் இருக்கற எடம் அவரோடதுதான். சவ அடக்கம் பண்ற ஹால்.

ஆமா மேடம். நெசமாத்தான். யாருக்கும் அது தப்பாவே தோணல, எடம் சுத்தமா இருக்கும், பார்க்கிங் இருக்கும், வேறென்ன வேணும்? ஏழடிப் பசங்க, பாலைவனத்து வெயில்ல வளந்தவங்க, வரிசையா உள்ள வராங்க. ஆஸ்ட்பி கருப்புக் கோட்டுல வாசல்ல நிக்கறாரு. முப்பது வருஷப் பழக்கம், வாய் தானா வந்துடுச்சு. ஒவ்வொருத்தன் கையையும் ரெண்டு கையாலப் புடிச்சுக்கிட்டு, இப்படி, காத்து மாதிரி: வாங்க தம்பி. உங்க இழப்புக்கு ரொம்ப வருந்தறேன்.

இன்னும் மேட்ச்சே ஆடல அவங்க!

மறுநாள் காலைல தோத்தாங்க. சும்மா தோக்கல, தொவைச்சுத் தொங்கப் போட்டுட்டாங்க. அந்தக் காலேஜ் பிரசிடெண்ட் சத்தம் போட்டாரு பாருங்க: எங்க பிள்ளைகளைப் பொணத்துக்கு நடுவுல உக்கார வச்சு சோறு போட்டிருக்காங்க! போட்டியை இந்த ஊரை விட்டு மாத்தியே ஆகணும்கற பேச்சு அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். ஆஸ்ட்பி பாவம், ரெண்டு நாள் வீட்ட விட்டு வெளிய வரல. மொத நாள் அந்த ஹால்ல பரிமாறினதுல நானும் உண்டு, எங்கண்ணன் சோரனும் உண்டு. சோரன் கேசரோல் தட்டோட சமையலறைக்குள்ள ஓடிப் போயி, ஃப்ரிட்ஜ்ல தலைய முட்டிக்கிட்டுச் சிரிச்சான். வெளிய சிரிச்சா மரியாதை இல்லன்னு.

அந்த ஹாலுக்கு அதுக்கப்பறம் ஒரே ஒரு தடவைதான் போனேன்.

இன்னும் பெட்டி வந்துக்கிட்டே இருக்கு பாருங்க. முடிவே தெரியல.

உங்களுக்குப் புது அரங்கத்தைச் சுத்திக் காட்டியிருப்பாங்களே. நல்லா இருந்துச்சா? இருக்கும். ஜனவரியில சட்டையோட நடக்கலாம், பசங்களுக்கு நீச்சல் குளம். நான் குறை சொல்லல. எங்க அரங்கத்துக் கூரை ஒழுகுது, பந்து வடக்கு மூலையில எகிறாது, எல்லாருக்கும் தெரியும். நான் வேற ஒண்ணு கேக்கறேன். அங்க டீம் எப்படிப் போகும்?

ஃப்ளைட்ல. சரி. சாமான்?

யோசிச்சதே இல்லல்ல. யாரும் யோசிக்கறதில்ல. பந்து, ஜெர்சி, கட்டு போடற பெட்டி, ஐஸ் டப்பா, படம் புடிக்கற கேமரா, மூணு பேர் தூக்கற மருந்துப் பெட்டி. அதெல்லாம் வேன்ல போகும். டீம் ஏறறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வேன் கெளம்பிடும். ஓட்டறது டீம் மேனேஜர். மேனேஜர்னா கோட்டு சூட்டுன்னு நெனச்சுடாதீங்க. உங்க காலேஜ்ல படிக்கற பையன்தான். பந்தத் தொடைப்பான், துண்டு மடிப்பான், வேர்வை சொட்டினா தரையத் தொடைப்பான். அதுக்குப் படிப்பு இலவசம்.

போன வருஷம் ஜனவரி. நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு விபத்துன்னு சொல்லியிருப்பாங்க. ஆமா, அதான், வேன் போற வழியில, வயோமிங் பக்கம். பாலைவனத்துல லீக் மேட்ச். காத்து அடிச்சு ரோட்டுல பனி ஏறிடுச்சு, முன்னாடி ஒரு ட்ரக் குறுக்க நின்னுருக்கு. அவன் பிரேக்கை மிதிக்கல மேடம். அவனுக்கு ஓட்டத் தெரியும். தெரிஞ்சும் தப்பிக்கல, போயிட்டான்.

மறுநாள் லீக் ஒரு அறிக்கை விட்டுச்சு. எனக்கு அது மனப்பாடம். ஆல்டர் கல்லூரி அணி குறித்துப் பரவிவரும் செய்தியை அடுத்து, எம் மாணவ வீரர்கள் எவருக்கும் எவ்விதப் பாதிப்பும் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

பொய் இல்ல மேடம், அதுல ஒரு எழுத்துக்கூட பொய் இல்ல. வீரருங்க எல்லாம் இன்னும் ஃப்ளைட்டே ஏறல, காலேஜ்ல அவங்கவங்க ரூம்ல தூங்கிட்டிருந்தாங்க. வேன்ல போனவன் மாணவன்தான், வீரன் இல்ல. ஜெர்சிய மடிச்சவன், போட்டவன் இல்ல. மாணவ வீரர்ங்கிற அந்த வார்த்தை எல்லாரையும் உள்ள வச்சுக் கதவச் சாத்திக்கிச்சு, அவன் வெளிய நின்னுட்டான். மகிழ்ச்சியுடன்.

ரெண்டு நாள் பாத்தேன். அப்பறம் லீக் ஆபீசுக்குப் போன் போட்டேன். யார் குரல்லயா? வேற யாரு, பிரிச்சர்ட் குரல்லதான். அறிக்கை எழுதற பொண்ணு எடுத்தா. அம்மா, அந்த இளைஞரின் பெயர் நம் அறிக்கையில் ஏன் இடம்பெறவில்லைன்னு கேட்டேன். தலைவரே கேட்டா ஓடிப் போயி சேத்துருவா, அவன் பேரு ஒரு எடத்துலயாவது வரும்னு ஒரு நப்பாசை. வெளயாட்டுக்குப் பண்ணல. சத்தியமா அந்த ஒண்ணு மட்டும் வெளயாட்டுக்குப் பண்ணல.

அவ பேப்பரைப் பொரட்டற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் மெதுவாச் சொன்னா. சார், நான் மொதல் வரியிலயே போட்டிருந்தேன். நீங்கதானே சார் எடுக்கச் சொன்னீங்க.

நல்லதும்மான்னு சொல்லி வச்சுட்டேன். அதையும் பிரிச்சர்ட் மாதிரியேதான் சொன்னேன். கண்ணாடியத் தொடைக்கற மாதிரி நடுவுல நிறுத்திக்கூட சொன்னேன்.

அந்த வேனை அங்கேயே எடைக்குப் போட்டுடலாம்னு போலீஸ்காரங்க சொன்னாங்க. அப்பா கேக்கல. இந்த வண்டியத்தான் எடுத்துட்டுப் போனாரு. போக ஒரு நாள், வர ரெண்டு நாள். நான் இதே சீட்டுல, நீங்க இருக்கற எடத்துல. பின் கண்ணாடியில அந்த வேன் ஆடிக்கிட்டே வருது. ஒரு பெட்ரோல் பங்க்ல காபி வாங்கினப்ப கேட்டாரு, அவன் மாதிரி ஒரு தடவை பேசேன் மாரென்னு.

பேசல. இல்ல மேடம், தெரியாம இல்ல. எங்கண்ணன் குரல் எனக்கு வராம இருக்குமா? எல்லாருக்கும் முன்னாடி நான் புடிச்ச குரலே அதுதான். ஒரு தடவை பேசிட்டேன்னா அப்பா அடிக்கடி கேப்பாரு. அம்மா கேப்பாங்க. அப்பறம் நான் எப்ப வாயத் தொறக்கறது?

வேணாம், எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லாதீங்க. ஆஸ்ட்பி நெறையச் சொல்லிட்டாரு. அண்ணனை அவர் ஹால்ல வச்சிருந்த அன்னிக்கு மட்டும் அவருக்கு வாய் தானா வரல, தடுமாறிட்டாரு பாவம்.

அதோ, கடைசிப் பெட்டி. கேட்டைத் தூக்கறான். ரெண்டு நிமிஷத்துல போயிடலாம், அந்தத் தண்ணித் தொட்டி தாண்டினா அரங்கம்தான்.

என்னது? இல்லல்ல, ஊருக்காக நான் பேசல. ஊரு எப்படியாவது பொழைச்சுக்கும். கேசரோலை அவங்களே சாப்புட்டுத் தீர்த்துக்குவாங்க. அண்ணனுக்காகவும் இல்ல. அவனுக்கு எங்க நடந்தா என்ன, இனிமே. உங்களைத் திட்டணும்னும் இல்ல. அந்த விபத்துக்கப்பறம் பாலைவனத்து லீக் மேட்ச்சை எல்லாம் பனிக்கு முன்னாடி நவம்பர்லயே வச்சுட்டாங்க, நல்ல காரியம். வேன்ல ரெண்டு பேரு போகணும்னு நீங்க வந்து விதி போட்டீங்களாமே, அதுவும் நல்ல விதி. இப்ப மிச்சம் இருக்கறது மார்ச்சுல நடக்கற இந்தப் போட்டி ஒண்ணுதான். மார்ச்சுலயும் வயோமிங்ல பனி பேயறது நிக்காது.

இங்கன்னா உங்க காலேஜ்லேர்ந்து அரை மணி நேர ஓட்டம். அங்கன்னா ரெண்டு நாள்.

அரங்கம் வந்தாச்சு. அதோ வாசல்ல பிரிச்சர்ட் நிக்கறாரு, கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டு. இருங்க, நான் சுத்தி வந்து கதவத் தொறக்கறேன், உள்ளேர்ந்து தொறக்க வராது.

ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். செப்டம்பர்லேர்ந்து நான் உங்க காலேஜ்தான் மேடம். உங்க கோச் டிலார்ட் போன மாசம் வீட்டுக்கு வந்தாரு. தொப்பியக் கையில வச்சு உருட்டிக்கிட்டே கேட்டாரு, மேனேஜர் எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு, படிப்பு இலவசம், யாருக்கும் அந்த எடத்தைக் குடுக்க மனசு வரல, நீ வரியாம்மான்னு. வேற வழியில எங்க வீட்டுல நான் காலேஜுக்குப் போக முடியாது. சரின்னுட்டேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. கூட வர ரெண்டாவது ஆளு இன்னும் கெடைக்கல.

எந்தப் பக்கம் கை தூக்கணும்னு நான் சொல்ல மாட்டேன் மேடம். தூக்கற பக்கத்துக்கு வேனை ஓட்டப்போறது நான். அது தெரிஞ்சுக்கிட்டுத் தூக்குங்க.