மூன்றாவது கம்பி

பர்மிங்ஹாமில் பிளக்குக்குள் கம்பி மாட்டத் தெரியாத ஆள் கிடையாது, ஐயா. என் மனைவி டோரீன்கூட வெண்ணெய் தடவும் கத்தியாலேயே திருகாணியைக் கழற்றிவிடுவாள். அதனால் நான் செய்ததைப் பெரிய தொழில்நுட்பச் சதி என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

அந்த ஹெவி மெட்டல் ஆல்பம் எட்டு வாரமாக இழுத்துக்கொண்டிருந்தது. டிரம்மர் தன் பகுதியை வாசித்துவிட்டுக் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். கிதார்காரன் நார்மன் டிரான்டரும் பாடகன் டெஸ் பார்ஜெட்டரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சிப்ஸுக்கு வினிகர் கேட்பதுகூட என் வழியாகத்தான். ஒரு காலத்தில் கேட்டவர் முதுகு சில்லிட அலறிய டெஸ், குடித்துக் குடித்து, இப்போது பல்வலிக்காரன்போல முனகினான். கடைசிப் பாட்டு தூக்குமேடைக்குப் போகிறவனைப் பற்றியது. அதில் பயம் வேண்டும். அவனிடம் இல்லை. இருபது வருடம் ஒலிப்பதிவு செய்தவன் நான். என் பெயரோடு ஒரு சொத்தை இசைத்தட்டு வெளியே போய்விடுமோ என்ற பயம் எனக்குத்தான் இருந்தது.

டெஸ் பாடிக்கொண்டே கிதாரும் வாசிப்பான். அவன் கிதாரின் ஆம்ப்ளிஃபயர் உம்மென்று இரைந்துகொண்டே இருந்தது. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: பிளக்கைத் திறந்து மூன்றாவது கம்பியை, ஷாக் அடிக்காமல் காக்கிற எர்த் கம்பியை, எடுத்துவிட்டேன். இரைச்சல் நின்றது. டெஸ் கிதாரைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைத்தான். துள்ளிப் பின்னால் விழுந்தான்.

"கிழவா, இந்தச் சனியன் என் உதட்டைக் கடிக்குது."

"முத்தம் கொடுக்கத் தெரியாதவன் கொடுத்தா கடிக்கத்தான் செய்யும்," என்றான் நார்மன். மூன்று வாரத்தில் அவர்கள் நேராகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

டெஸ் விழும்போது போட்ட சத்தம் டேப்பில் இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டேன். நாங்கள் எட்டு வாரமாகத் தேடியது அதுதான், ஆனால் பாதியில் அறுந்திருந்தது.

மறுநாள் டெஸ் தன் காலுறையைக் கழற்றி மைக்குக்கு மாட்டியிருந்தான். குரல் மங்குகிறது என்று நான் அதை உருவினேன்.

"எர்த்தைப் பாத்தியா? பயமா இருக்கு கிழவா."

"பாத்தாச்சு. நல்லா ஒட்டி நின்னு பாடு."

நம்பினான். அப்படி ஒரு நம்பிக்கையை என் பிள்ளைகள்கூட என்மேல் வைத்ததில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அலறல் வந்தது. முழுசாக வந்தது. பிறகு அவன் மைக் கம்பத்தோடு சரிந்தான். கை கிதாரை விடவில்லை, மைக்கையும் விடவில்லை.

பதிவறையில் ஒரு பழக்கம் உண்டு. கடைசி ஒலி தேய்ந்து, சிவப்பு விளக்கு அணையும்வரை ஒருவரும் அசையக் கூடாது. செருப்பு கிரீச்சிட்டாலும் பதிவு பாழ். நார்மனுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். பதினாறு வயதிலிருந்து பதிவறைகளில் வாசிக்கிறவன். என் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். டெஸ்ஸைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவ்வளவு பயந்த முகத்தை நான் பார்த்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

விளக்கின் சுவிட்சும் மின்சாரத்தின் சுவிட்சும் என் இடது கைப்பக்கம் இருந்தன. உடனே அணைத்திருந்தால் டெஸ் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் சொல்கிறாராம். இருக்கலாம். கிதார் கம்பிகளின் அதிர்வு அடங்க நாற்பது விநாடி ஆனது, நான் காத்திருந்தேன். பதிவை நடுவில் வெட்டியிருந்தால், ஐயா, டெஸ் என்னை மன்னித்திருக்கவே மாட்டான்.