குழாய் வழியே வந்த பதில்

— வண்டிய அணைன்னு சொன்னேன்ல!

— அணைச்சு பத்து நிமிஷம் ஆச்சுண்ணே. உங்க காதுலதான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

— பொறு. பேசாத. மூணு... ஆமா, மறுபடி மூணு. நான் ஸ்பேனரால இந்தத் தண்ணிக் குழாயில மூணு தட்டினா, உள்ளேருந்து மூணு வருது. மனுசன்டா அது.

— நேத்து சாயங்காலத்துலேர்ந்து இதத்தான் சொல்றீங்க. அஞ்சு மாடியும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி உக்காந்திருக்கு. நானும் நீங்க கை காட்டுற இடத்தையெல்லாம் கொத்தி அள்ளிட்டேன். ஒரு செருப்பு கிடைச்சுது. ஆள் எங்க?

— குழாய் பொய் சொல்லாது தம்பி.

— என் பொண்டாட்டியும் பொய் சொல்ல மாட்டா. மூணு தெரு தள்ளி, தையல் கம்பெனிக் கட்டடத்துக்கு அடியில கிடக்குறா. அவகூட இன்னும் பத்தொம்பது பொண்ணுங்க. பூமி ஆடி ரெண்டு நாளாச்சு. இன்னிக்குக் காலையில அவ குரல எங்க மாமனார் கேட்டிருக்காரு. "தண்ணி"ன்னாளாம். அந்த மனுசன் எழுபது வயசுல வெறுங்கையால கல்லப் பொறுக்குறாரு. நான் பொக்லைன வச்சுக்கிட்டு உங்களுக்குக் காவல் உக்காந்திருக்கேன்.

— எனக்குத் தெரியாதாடா? இன்னொரு வண்டி இருந்தா நானே உன்ன அனுப்பியிருப்பேன்.

— இருக்கே! ஆயில் டியூப் வெடிச்சுப் பாலத்து மேல நிக்குது. போட்டோ எடுக்குறதுக்கு நல்லா இருக்கு.

— சத்தம் வர்ற இடத்த விட்டு வண்டி நகரக் கூடாது. இது நான் போட்ட சட்டம் இல்ல.

— ஏன், அங்க அவ கூப்பிட்டது சத்தம் இல்லாம பாட்டா?

— அது காலையில. இப்ப ஒண்ணும் கேக்கலன்னு உன் மாமனாரே சொல்லிட்டாரு. இங்க இப்பவும்... பொறு, வாக்கிடாக்கி கத்துது. யாருங்க?

— பின் தெரு மீட்பு டீம் சார், நான் டீம் லீடர் பேசுறேன். நாங்க ஆத்துப் பக்கமா சுத்தி வந்தோம். இப்பதான் உங்க லைன் கிடைச்சுது. உங்ககிட்ட பொக்லைன் இருக்காமே?

— இருக்கும்மா. ஆனா தர முடியாது. எங்களுக்கு உயிர்ச் சத்தம் கிடைச்சிருக்கு.

— எங்களுக்கும்தான் சார்! அதுக்குத்தான் கேக்குறேன். தண்ணிக் குழாயில மூணு தட்டினா மூணு திரும்பி வருது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து.

— எந்தக் கட்டடம்மா?

— அஞ்சு மாடி, மஞ்ச பெயின்ட். நாங்க பின்பக்கம் இருக்கோம். முன்பக்கம் மருந்துக்கடை போர்டு தொங்குதுன்னாங்க.

— அண்ணே. அந்த போர்டு என் தலைக்கு மேலதான் தொங்குது.

— பொறுடா. அம்மா, இந்தத் தடவை மூணு வேணாம். அஞ்சு தட்டுங்க.

— சரி சார்... தட்டிட்டேன். கேட்டுச்சா? சார்?

— அஞ்சு.

— அய்யோ சார்.

— நேத்துலேர்ந்து நீங்களும் நானும்தாம்மா, உயிரோட இருக்கியா, உயிரோட இருக்கியான்னு மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டிருந்திருக்கோம்.

— நல்லா இருக்குண்ணே. ரொம்ப நல்லா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் குசலம் விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் என் பொண்டாட்டி மண்ணுக்குள்ள கிடந்தா. தள்ளுங்க, வண்டிய எடுக்குறேன்.

— பொறு.

— இன்னும் என்னத்தப் பொறுக்கச் சொல்றீங்க?

— ஒரு இடத்தக் கைவிடணும்னா, எல்லாரும் தட்டுறத நிறுத்தணும். ரெண்டு பேர் தனித்தனியாக் கேட்டு "இல்ல"ன்னு சொல்லணும். பதினோரு குடும்பம் இருந்த வீடுடா இது. அம்மா, அஞ்சு நிமிஷத்துக்கு அங்க ஒருத்தரும் குழாயில கை வைக்காதீங்க.

— ஸ்பேனரக் கீழ போட்டுட்டேன் சார். எங்க ஆளுங்களையும் தள்ளி நிக்க வச்சிருக்கேன்.

— கேட்டுத் தொலைங்கண்ணே, சீக்கிரம்.

— என்னால முடியலடா. என் காதுக்குள்ளயே தட்டுது. எது குழாய், எது என் நாடின்னு பிரிக்கத் தெரியல. என்னைக் கணக்குல சேக்காத. அம்மா, நீங்க அந்த முனையில கேளுங்க.

— கேக்குறேன் சார்... இங்க ஒண்ணும் இல்ல.

— ஒண்ணாச்சு. என்கூட இருந்தவன் கை நசுங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான். இந்த முனையில நீதான் தம்பி கேக்கணும்.

— நானா? திருடன் கையில சாவியக் குடுக்குறீங்களே.

— நீ திருடன் இல்ல. இந்தா, குழாயில ஒட்ட வச்ச மைக்கோட ஹெட்போன மாட்டு. நீயும் இல்லன்னு சொல்லிட்டா, உன் வண்டிக்கு முன்னாடி நானே ஓடிக் கல்ல அகத்துறேன்.

— சத்தியமா?

— சத்தியமா. கண்ண மூடிக்க. மூச்ச அடக்கு.

— ...

— நாலு நிமிஷம் ஆச்சு. சொல்லு.

— ஒண்ணும் இல்லண்ணே.

— நல்லாக் கேட்டியா?

— நல்லாக் கேட்டேன். கல்லுதான். போலாம்.

— சரி, ஹெட்போனக் கழட்டு. கழட்டுடா.

— கழட்டுறேன்ல.

— தம்பி, ஒண்ணும் இல்லன்னா எதுக்குடா இன்னும் விரல மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டிருக்க?