மூத்த மாப்பிள்ளையின் தட்டு

உச்சி வெயில். லஸ் முனையிலிருந்து கச்சேரி ரோடு நெடுக ஒரு காக்காய்கூட இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலி செய்துகொண்டு ஓடிய நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாசம் அது. பூட்டிய வீடுகள்... பூட்டிய கடைகள்... நடுத்தெருவில் ஒரே ஒரு ஆள் விறுவிறுவென்று நடந்து வருகிறான். அவன் செருப்புச் சத்தம் அவனுக்கே திரும்பிக் கேட்கிறது.

அவன்தான் இனாயத். நம் பீர் முஹம்மதுவுக்குச் சித்தப்பா. பீர் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் நான் வாயைத் திறக்கிறேன். கிச்சா, விளக்கைத் தூண்டாதே... இப்படியே இருக்கட்டும்.

இனாயத் தியாகராய நகரில் தையல்காரன். ஆற்காட்டுக்குப் போகிற லாரியில் இரண்டு பேருக்கு இடம் பிடித்துவிட்டான். பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டி சகினாவை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். அதற்குத்தான் அந்த ஓட்டம்.

ஆனால் சகினா பரிக்கூட்டத்துப் பெண். மயிலாப்பூரில் அப்போது அவர்கள் ஏழெட்டு வீடுதான். முதல் தாய் ஒரு பரி, அதாவது வானத்துத் தேவதையாம். மனுஷனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாளாம். அந்த ரத்தம் பெண்கள் வழியாகத்தான் ஓடுகிறதாம். வீடு பெண்ணுக்கு, சாவி பெண்ணுக்கு, பிள்ளைகளுக்குத் தாய் பேர். மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடி வர வேண்டும். புருஷனைப் பேர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிடுவார்கள்.

இதெல்லாம் இனாயத்துக்கு உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. பரியைக் கட்டிக்கொண்ட அந்த மூத்த மாப்பிள்ளை இன்னும் அந்த வீட்டில் இருப்பதாகக் கணக்கு. சாப்பாட்டு விரிப்பில் முதல் தட்டு அவருக்கு. நல்லி எலும்பு அவருக்கு. யாருமே உட்காராத அந்த இடத்தைப் பார்த்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "சாப்பிடுங்க" என்பாள் சகினா. தாலி, மஹர் பணம் எல்லாம் கொடுத்துக் கட்டினவனுக்கு வெறும் "சாப்டு". காற்றுக்கு ஒரு "ங்க"! அந்த "ங்க"வை நினைத்து நினைத்தே மனுஷன் வயிறெரிந்தான்.

இன்னொன்றும் இருந்தது. பெருநாளுக்குப் பெருநாள் மூத்தவருக்குப் புதுச்சட்டை தைக்க வேண்டும். வீட்டிலேயே தையல்காரன் இருக்கும்போது வெளியே கொடுப்பார்களா? இவன் தலையில்தான் கட்டினார்கள். அளவு என்ன என்று கேட்டான். உன் அளவுக்கே தை, அது போதும் என்றாள் மாமியார் ஜமீலுன்னிசா. தைத்துக் கஞ்சி போட்டுப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த பெருநாளுக்கு எடுத்துப் பார்த்தால்... கழுத்துப் பட்டியில் வேர்வைக் கறை. முழங்கையில் தேய்மானம்.

வேறொருவன் என்றால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பான். இவனுக்குப் பயம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. என் அளவுச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் பெண்டாட்டி பக்கத்தில் திரிகிறவன் எவன் என்று ராத்திரியெல்லாம் புரண்டான்.

சரி, அந்த உச்சி வெயில் நாளுக்கு வருகிறேன். மாமியாரும் மற்றவர்களும் முன்பே ஊரைவிட்டுப் போயாயிற்று. முதல் தட்டு ஒரு வேளைகூடக் காயக்கூடாது என்று சகினா மட்டும் வீட்டோடு இருந்தாள். இனாயத் மூச்சிரைக்க வந்து, லாரி நிற்கிறது, கிளம்பு என்றான். அவள் அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை.

"நீ போ இனாயத். அவங்கள உட்டுட்டு நான் எப்டி வரது?"

இவன் நீ. அது அவங்க. தலைமேல் குண்டு விழுந்தாலும் அந்த வெறுந்தட்டுக்குப் பக்கத்திலேயே சாவாளாம்!  இனாயத் நேரே போனான். முதல் தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கத்தட்டும், அழட்டும், கையைப் பிடித்து இழுக்கட்டும்... இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது.

சகினா சோற்றுச் சட்டியோடு வந்தாள். நின்றாள். கரண்டி சட்டியில் பட்டு "ணிங்" என்றது. அப்புறம்... முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், நல்லி எலும்பாகப் பொறுக்கி வைத்தாள்.

"சாப்பிடுங்க."

அப்பாடா! உச்சி குளிர்ந்துபோயிற்று இவனுக்கு. ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டான். உப்பில்லை. காரமில்லை. சூடுகூட இல்லை. குனிந்து பார்த்தான், தட்டில் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. சகினா என்றான். அவள் பார்க்கவில்லை. தோளைத் தொட்டான். ஈ உட்கார்ந்ததுபோல் தோளை உதறிக்கொண்டாள்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம்... சரக்... சரக்... கூடத்துக்குள் கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை. இனாயத் தைத்த சட்டை. அதற்கு மேலே இனாயத்தின் முகம். வந்தவன் இரண்டாவது தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"இன்னா இனாயத், லாரி போய்டுச்சா?" என்று கேட்டாள் சகினா.

"போவட்டும். உன்ன உட்டுட்டு நான் எங்க போவேன்?"

சகினா சிரித்தாள். கல்யாணம் ஆன நாளாக இனாயத்திடம் அவள் அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்புக்கு முன்னால் ஆயிரம் "ங்க" இருந்தாலும் ஒன்றுமில்லை என்று முதல் தட்டில் இருந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்கப் பார்த்தான். கால் வரவில்லை.

குண்டு பயம் தீர்ந்து ஜனங்கள் திரும்பினார்கள். பீரின் அப்பா நூர் முஹம்மது தம்பியைப் பார்க்க வந்தார். இனாயத்தின் சட்டையும் முகமுமாக இருந்தவனைக் கட்டிக்கொண்டார், இளைத்துப் போய்விட்டாயே என்று முதுகைத் தடவினார். அண்ணன் தம்பி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் தட்டிலிருந்து இனாயத் தொண்டை கிழியக் கத்தினான். அண்ணே... நான் இங்கே இருக்கிறேன்... அண்ணே...

நூர் முஹம்மதுவின் கை பாதியில் நின்றது. காலி இடத்தையே பார்த்தார். கேட்டுவிட்டது! அவருக்குக் கேட்டுவிட்டது! இனாயத் இன்னும் பலமாகக் கூப்பிட்டான்.

பக்கத்தில் இருந்தவன் தலையைத் தூக்காமல், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"காதுல போட்டுக்காத அண்ணே. புதுசுல எல்லாரும் இப்டித்தான் கத்துவாங்க."