தீட்டு கழியட்டும்

— பேரை நல்லாப் பாருங்க மாமி. ஜாஹ்னவின்னு உங்க பேர்தான், அடையவளஞ்சான் தெரு. நோட்டீஸ் உங்க வக்கீல் அனுப்பினதுதான்.

— எனக்கேதுடி வக்கீல்? வீட்டு வரிக் காகிதம்னு மாமா ஒண்ணு நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். என்னன்னு எழுதியிருக்கு சுபலட்சுமி?

— மூணு மாச வாடகை தரலையாம். பதினஞ்சு நாள்ல போர்ஷனைக் காலி பண்ணணுமாம்.

— உங்க ஆட்டோ சரியா ஓடலைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோல்லியோ?

— ஆட்டோ நல்லாத்தான் ஓடுது. மாசாமாசம் அஞ்சாம் தேதி பணத்தோட உங்க வாசல்ல வந்து நின்னேன் மாமி. மாமாதான் வாங்கல.

— வர பணத்தை வேண்டாம்பாரா அவர்?

— ஆவணியில, இன்னிக்கு ஏகாதசி, காசு தொடமாட்டேன்னாரு. மறுநாள் வந்தா, அடுத்த மாசம் சேர்த்துக் குடுன்னாரு. புரட்டாசியில மகாளயம், அமாவாசை போகட்டும்னாரு. உங்க ஆசாரம், நாம என்னத்தைக் கண்டோம்னு திரும்பிட்டேன்.

— ஐப்பசியில?

— தீட்டு கழியட்டும்னாரு.

— எங்காத்துல ஏது தீட்டு?

— ஓசூர்ல உங்க அண்ணன் தவறிட்டாருன்னாரே மாமி. துக்கம் கேக்கணும்னு உள்ள வரப் பாத்தேன். மாமி தாங்கமாட்டா, அந்தப் பேச்சையே எடுக்காதேன்னு வாசல்லயே நிறுத்திட்டாரு.

— பெருமாளே, ரங்கா! அண்ணா நேத்திக்குத்தானேடி சளி பிடிச்சிருக்குன்னு போன்ல பேசினான்.

— மாமி, உக்காருங்க.

— இந்த ஆத்தை என் பேர்ல எழுதி வச்சவனே அவன்தான்.

— வீடு வேணும்னா நேராக் கேட்டிருக்கலாமே மாமி. பிள்ளைக்குப் பிளஸ் டூ பரீட்சை மார்ச்சுல முடியுது, நாங்களே போயிருப்போம். இப்பப் போய் எங்க போறது? அட்வான்ஸே லட்சம் கேக்கறாங்க. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல.

— மார்கழி வரதோல்லியோ. வைகுண்ட ஏகாதசிக்கு வரவாளுக்கு உங்க போர்ஷனை நாள் வாடகைக்கு விடலாம்னு ஒருத்தர் வந்து மாமாகிட்ட பேசிண்டிருந்தார். மாமா உன்கிட்ட சொல்லிட்டார்னு நினைச்சு நானும் வாயைத் திறக்கலை. அது என் தப்புதான்.

— நீங்க என்ன பண்ணுவீங்க மாமி.

— அந்தப் பணம் செலவாயிடுத்தா?

— எடுக்கவே இல்ல. மூணு மாசமும் அப்படியே இருக்கு.

— என் கையில கொண்டா. மூணு ரசீது எழுதித் தரேன்.

— மாமா கோயில்லேர்ந்து வந்தா உங்களைச் சும்மா விடுவாரா?

— வரட்டும். கடைசி ரசீதுல எங்கண்ணாவை அவர் கொன்ன தேதியைத்தான் போடப்போறேன்.